முனியப்பனை உள்ளே விடவில்லை

1

நேற்றோடு ஒரு வருடம். இந்த ஊர் விமான நிலையத்தில் எங்கள் முனியப்பனை நிறுத்தி, விசாரித்து, உள்ளே விட முடியாது என்று சொல்லி ஒரு வருடம் ஆகிவிட்டது. இதற்கெல்லாம் யாராவது நாள் கணக்கு வைத்திருப்பார்களா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். நான் வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. டீ போட்டால் குடித்து முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்துவிடுவேன். இந்தக் குறிப்பையும் சமையலறை மேடைமேல் வைத்து நின்றபடிதான் எழுதுகிறேன், கோணல் மாணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். சங்ககிரிக்காரனை எந்தக் கண்டத்தில் கொண்டுபோய் விட்டாலும் ஒரு லாரியைத் தேடிப்பிடித்து ஏறிவிடுவான் போலிருக்கிறது. மெல்போர்னிலிருந்து பெர்த் வரைக்கும் லோடு ஏற்றிப் போனால் திரும்பிவர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மகள் மதி பதினொன்றாம் வகுப்பு. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். யார் யாரோ பெற்ற அப்பாக்களைக் குளிப்பாட்டி, சட்டை பட்டன் போட்டுவிட்டு, கஞ்சி ஊட்டிவிட்டு வருவேன். என் அப்பா சங்ககிரிப் பக்கம் ஒற்றை ஆளாகக் கிடந்தார்.

அம்மா போன பிறகு அவரை இங்கே கூப்பிடாத நாள் இல்லை. கெஞ்சினேன், திட்டினேன், பத்து நாள் போனே செய்யாமல் இருந்தும் பார்த்தேன். ஒருமுறை பாத்ரூமில் வழுக்கி விழுந்து, விடிகிறவரை அப்படியே கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கும் அவர் அசையவில்லை.

"நா அங்க வந்து என்ன பண்றது சாமி? ஊட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு செவுத்தப் பாக்கறதா?"

போன வருடத்துக்கு முந்தைய வருடம் எங்கள் வீட்டில் திருடன் புகுந்தான். பட்டப்பகலில் பின்கதவுக் கண்ணாடியை உடைத்து, மதியின் லேப்டாப்பையும் என் கல்யாண வளையலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நல்லவேளை, வீட்டில் ஆள் இல்லை. அப்பாவிடம் பேச்சுவாக்கில்தான் சொன்னேன். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நான்தான் வைத்தேன். அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார்.

"உங்க ஊட்டு முன்னால மண்ணுத் தரை இருக்குதா, அல்லாம் சிமிட்டியா?"

"மண்ணு இருக்குதுங்கப்பா. ஏனுங்க?"

"செரி, டிக்கெட்டுப் போடு. வாரேன். போக வர ரெண்டுக்கும் போட்டுரு."

நான் 'வாரேன்' வரைக்கும்தான் காதில் வாங்கிக்கொண்டேன். ரிட்டர்ன் டிக்கெட் சும்மா கிடக்கட்டும், வந்த ஆளை நான் திருப்பி அனுப்பினால்தானே என்று சிரித்துக்கொண்டேன். கடைசியில் என் பேச்சுக்கு மசிந்துவிட்டார் என்று வீட்டுக்காரரிடம் பெருமை வேறு அடித்தேன்.

2

சங்ககிரிப் பக்கம் சின்னதாக ஒரு சரக்கு யார்டு இருந்தது. எங்களுக்கு அது கூட்ஸ் ஷெட். மெயின் லைனிலிருந்து பிரிந்து வரும் மூன்று தண்டவாளம், நீளமாக ஒரு தகரக் கொட்டகை, லாரி நிற்க மண்தரை, ஒரு டீக்கடை. பார்க்க ஒன்றுமே இருக்காது. ஆனால் ரேக் வந்துவிட்டால், அதாவது ஒரு கூட்ஸ் வண்டி பூரா லோடோடு வந்து நின்றுவிட்டால், அந்த இடத்தில் காது கேட்காது. அரிசி, கோதுமை வரும், நிலக்கரி, சிமெண்டு, உரம் வரும், நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம் வரும். வேகன் கதவுக்கும் லாரிக்கும் நடுவே பலகை போட்டு, அதன்மேல் மூட்டையோடு ஓடுவார்கள். நடந்தால் பலகை ஆடும், அதனால் ஓட்டம்தான். குறித்த நேரத்துக்குள் வேகனைக் காலி பண்ண வேண்டும் என்பதால் எல்லோரும் எல்லோரையும் ஏசிக்கொண்டே இருப்பார்கள். அப்பா அங்கே லோடுமேனாகப் போய்ச் சேர்ந்து, பிறகு மேஸ்திரி ஆனார்.

அம்மா துடைப்பத்தோடு காத்திருக்கும் பெண்களில் ஒருத்தி. சிந்தியதெல்லாம் பெண்களுக்கு என்பது யார்டு வழக்கம். காலியான வேகனுக்குள் ஏறிப் பெருக்கி, புடைத்து, கல் பொறுக்கி, முந்தானையில் கட்டிக்கொண்டு வருவாள். எங்கள் வீட்டுக் கஞ்சியில் கோதுமையும் சோளமும் அரிசியும் கலந்துதான் வேகும். பள்ளிக்கூடத்தில் என் பெயரே 'வேகன் கஞ்சி'. அந்தப் பெயருக்காக நான் அழுத அழுகை கொஞ்சமா? இங்கே அதே கலவையை அட்டைப்பெட்டியில் போட்டு, உடம்புக்கு நல்லது என்று விற்கிறார்கள். மதி தினம் காலையில் பால் ஊற்றிச் சாப்பிடுகிறாள். நான் வாயைத் திறப்பதில்லை.

முனியப்பனும் அங்கே வேகனில் வந்தவர்தான். நான் பிறப்பதற்கு முன்னால் சுண்ணாம்புக்கல் இறக்கும்போது, ஆளுயரக் கல் ஒன்று உருண்டு, கீழே நின்றுகொண்டிருந்தவர்களுக்கு நடுவில் வந்து விழுந்ததாம். ஒருத்தர் மேலும் படவில்லை. அத்தனை பேர் உயிரையும் விட்டுவைத்த கல்லை அதன்பிறகு லாரியில் ஏற்ற யாருக்கு மனசு வரும்? அங்கேயே நிமிர்த்தி வைத்து, திருநீறு பூசி, சுருட்டுப் படைத்து, முனியப்பன் என்று கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அன்றிலிருந்து எந்த ரேக் வந்தாலும் முதல் மூட்டை லாரிக்குப் போகாது. அதைத் தூக்கிவந்து முனியப்பன் முன்னால் இறக்குவார்கள். மேஸ்திரி மூட்டைமேல் உள்ளங்கையை வைத்து, "எடு!" என்று ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் யார்டு நகரும். எத்தனையோ வருடம் அந்தச் சத்தம் அப்பாவுடையது.

எங்கள் யார்டுக்கு வந்ததெல்லாம் பாதி நீள ரேக்தான்; பிறகு ரயில்வே அந்த அரை ரேக் அனுப்புவதை நிறுத்திவிட்டது. முழு ரேக் நிற்க எங்கள் யார்டில் நீளம் போதவில்லை. காரணம் அவ்வளவுதான். யாரும் பூட்டுப் போடவில்லை, வண்டி வரவில்லை, தீர்ந்தது. தண்டவாளத்தைக் கழற்றினார்கள், கொட்டகையைப் பிரித்தார்கள். முனியப்பன் கல்லை லாரிக்காரர்கள் பொக்லைன் வைத்துத் தூக்கிப்போய், பைபாஸ் ஓரத்தில் டைல்ஸ் ஒட்டிக் கோயில் கட்டினார்கள். அப்பா அந்தத் திசைக்கே போகவில்லை.

"கல்லத்தான் தூக்கிட்டுப் போனானுக. அவன் அந்த மண்ணுலயேதான் இருக்கறான்" என்பார்.

3

அப்பாவைக் கூட்டிவர நானே போனேன். போன இடத்தில் சும்மா இருந்தேனா? கூட்ஸ் ஷெட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினேன். சுற்றிச் சுற்றி வருகிறேன், இடம் பிடிபடவில்லை. ஒரு நீளமான காம்பவுண்டுச் சுவர், சீமைக் கருவேலம், ஒரு செல்போன் டவர். டீக்கடை இருந்த இடம் எது, நான் கீழே விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்ட பிளாட்பாரம் எது, எதுவும் தெரியவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஏனுங்கக்கா, இங்க கூட்ஸ் ஷெட்டு எங்கீங்க இருந்துச்சு?"

"கூட்ஸ் ஷெட்டுங்களா? அது சேலத்துலயல்லங்க இருக்குது. பஸ்ஸு மாறி வந்துட்டீங்களாட்ட இருக்குது."

எனக்கு வந்ததே கோபம். அந்த அம்மா என்ன செய்வார், பாவம். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தே நாலைந்து வருடம்தான் என்றார். ஆனாலும் வழி நெடுகப் பொருமிக்கொண்டே வந்தேன். ஆயிரம் பேர் ஓடிய இடம் ஒரு தலைமுறைக்குள் இப்படியா துடைத்துப்போகும்?

கிளம்புகிற நாள் காலையில், "டீ குடிச்சுப்போட்டு வாரேன்" என்று அப்பா வெளியே போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பினார். நகக்கண்ணெல்லாம் மண். இடுப்பில் மஞ்சள் துணியில் ஒரு சின்ன முடிச்சு.

"என்னங்கப்பா அது?"

"துண்ணூறு."

திருநீறுதானே என்று விட்டுவிட்டேன். விமானத்தில் கொடுத்த அட்டையில் அவருக்கும் சேர்த்து நான்தான் நிரப்பினேன். விதை இருக்கிறதா, மண் இருக்கிறதா என்ற கேள்விக்கெல்லாம் 'இல்லை' என்று மளமளவென்று டிக் அடித்தேன்.

4

பெட்டிகளை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது ஒரு நாய் வந்தது. கழுத்தில் பட்டை, பின்னால் ஓர் அதிகாரி. அத்தனை பேரையும் தாண்டி வந்து, அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டது. நான் அவசர அவசரமாகப் பாஸ்போர்ட்டைத் தேடினேன். அப்பாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா சாமி? முனியப்பனை நாய்க்குத் தெரியாமப் போயிருமா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. நம் பக்கம் குலசாமியை வேற்றூருக்குக் கொண்டுபோகிறவர்கள் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள் இல்லையா, அந்தப் பிடிமண்ணை வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கு வந்து இறங்கியிருக்கிறார் மனுஷன்! இந்த நாட்டில் ஆளைக்கூட விடுவார்கள், மண்ணை விடமாட்டார்கள். ஷூ அடியில் ஒட்டியிருக்கும் சேற்றைக்கூடக் கழுவித்தான் அனுப்புவார்கள்.

தனி மேஜைக்குக் கூட்டிப்போனார்கள். நான் மொழிபெயர்க்கக் கூடாதாம், நான் மகளாம். போனில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்து அம்மா.

"ஐயா, அந்தத் துணிக்குள்ளை என்ன கிடக்கு எண்டு கேக்கினம்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாக, "முனியப்பனுங்க" என்றார்.

"முனியப்பரோ?" என்று அந்தக் குரல் தணிந்து கேட்டது. "எங்கடை ஊரிலையும் இருக்கிறார் ஐயா." அதற்குப் பிறகு அவர் அதிகாரியிடம் இங்கிலீஷில் நிதானமாக, கோயில் மண் என்று, காவல் தெய்வம் என்று, ஒன்றையும் விடாமல் சொன்னார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் இன்றைக்கும் அவருக்கு ஒரு கும்பிடு போடுவேன்.

அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு முடிச்சை அவிழ்த்து, வெள்ளைத் தட்டில் கொட்டினார். எங்கள் ஊர் மண் என்றால் சிவப்பாக இருக்கும். இது கறுப்பும் சாம்பலுமாகக் கிடந்தது. சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தார். நிலக்கரித் துணுக்கு. இறுகிப்போன சிமெண்டுக் குருணை. சாக்கு நூல். உளுத்துப்போன ஒரு மக்காச்சோள மணி. அம்மா பெருக்காமல் விட்டது! சுவருக்கு வெளியே நின்று தேடியபோது கிடைக்காத கூட்ஸ் ஷெட் மொத்தமும் அந்தத் தட்டில் கிடந்தது.

"வெரி சாரி" என்று அந்த அதிகாரி அப்பாவைப் பார்த்துச் சொன்னார். மனசார வருத்தப்பட்டுத்தான் சொன்னார். மண்ணை ஒரு பையில் போட்டு, ஒட்டி, அழிப்பதற்கான பெட்டியில் போட்டுவிட்டார். அட்டையில் பொய் சொன்னதற்கு எனக்குக் கடுமையாக ஓர் எச்சரிக்கை. அப்பா வெறும் மஞ்சள் துணியை மட்டுமாவது கேட்டார். உதறக்கூட விடாமல் அவர்கள் அதையும் எடுத்துக்கொண்டதும், "செரி, போலாம் வா" என்றார்.

வெளியே காத்திருந்த மதியிடம் நடந்ததைச் சொன்னேன். "தாத்தாவோட காட் டிபோர்ட் ஆயிட்டாரா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அறையலாம் போலிருந்தது.

5

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முனியப்பன் இல்லாமல் அப்பா இங்கே தங்கமாட்டார் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. சாமியோடு வந்து குடியேறலாம் என்று கிளம்பிய மனுஷனை, வாசலிலேயே இப்படிச் செய்துவிட்டார்களே! ரிட்டர்ன் டிக்கெட்டின் தேதி நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பிப் போய் மறுபடி அந்த ஈரமான பாத்ரூமில் விழுந்தால் யார் தூக்குவது?

என்னென்னவோ செய்து பார்த்தேன். இங்குள்ள முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கும்பிட்டார், பொங்கல் நன்றாக இருக்கிறது என்றார், வந்துவிட்டார். எங்கள் தெருக்கோடியில் சரக்கு ரயில் லைன் ஒன்று போகிறது. அதைக் காட்டினேன். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு வண்டி போகும்வரை நின்று பார்த்தார்.

"ஒரு மூட்டையக் காணமே. அல்லாம் பொட்டி பொட்டியா இருக்குது. எறக்கற ஆளுக எங்க?"

"கிரேன் எறக்கீருமுங்கப்பா."

"அப்ப ஆளுக?"

வீட்டில் அவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. காலையில் முன்வாசல், மத்தியானம் பின்பக்கம், சாயங்காலம் மறுபடி முன்வாசல். கண்ணாடி மாற்றிய பின்கதவை ஆட்டி ஆட்டிப் பார்ப்பார். மதி பள்ளியிலிருந்து வருகிற நேரத்துக்குத் தெருமுனையில் போய் நிற்பார். ஊர் ஞாபகத்தில் இருப்புக்கொள்ளாமல் அலைகிறார் என்று நினைத்து நினைத்து நான் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தேன். மதிக்கு மட்டும் அவர் நடையில் ஒரு கஷ்டமும் தெரியவில்லை. கூடவே நடந்து, தன் ஓட்டைத் தமிழில் ஏதாவது கேட்டுக்கொண்டே போவாள்.

6

கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது அடுப்பில் தோசையைப் போட்டுவிட்டு, பரணிலிருந்து அவர் பெட்டியை இறக்கினேன். இறக்கி வைத்ததும் என்னவோ பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"போங்க. நல்லாப் போங்க. பெத்த மவ வேண்டாம், பேத்தி வேண்டாம். அங்க போயி எதைக் காவல் காக்கப் போறீங்க? இல்லாத கூட்ஸ் ஷெட்டையா? உங்க முனியப்பனையே கட்டிக்கிட்டு அழுங்க!"

நான் கத்தி முடிக்கும்வரை அப்பா தட்டிலிருந்த தோசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நா எங்க சாமி போறேன்னு சொன்னேன்?"

"ரிட்டர்ன் டிக்கெட்டு யாருங்க போடச் சொன்னது?"

"அது அவனைக் கொண்டாந்து வெச்சுப்போட்டுப் போறதுக்குப் போட்டது. ஊட்டுக்குள்ள திருடன் பூந்துட்டான்னு சொன்னியல்ல, அன்னைலயிருந்து எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல. மாப்பிள்ளை பாதி நாளு ரோட்டுல. நீயும் புள்ளையும் தனியாக் கெடக்கறீங்க. எனக்கு எதுக்குச் சாமி முனியப்பன்? எனக்கு என்ன இருக்குது காவல் காக்க? உனக்குத்தான் கொண்டாந்தேன். வாசல்ல அவனை வெச்சுட்டா நா நிம்மதியாப் போயிருவேன்னு இருந்தேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவனைத்தான் உள்ள உடமாட்டேன்னுட்டாங்களே. காவலுக்கு ஆளில்லாம உன்னைய உட்டுப்போட்டு நா எப்படிப் போறது?"

திறந்து வைத்த பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதமாக அந்த மனுஷன் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் அலையவில்லை. ரோந்து போயிருக்கிறார்! அது தெரியாமல், வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டு, கடைசியில் மூக்கு ஒழுக அழுததுதான் மிச்சம்.

"அட, எதுக்கு இப்ப அழுவற? தோசை கருகுது பாரு" என்றார் அப்பா.

7

அப்பா இருக்கிறார். அவர் இங்கே சந்தோஷமாக இருக்கிறார் என்று எழுதினால் அது பொய். விசாவை நீட்டிக்கக் கொடுக்கும் விண்ணப்பம் ஒவ்வொன்றிலும், கடைசியாக வேலை செய்த இடம், அதன் முகவரி என்று கேட்கிறார்கள். கூட்ஸ் ஷெட் என்று எழுதினால், அப்படி ஓர் இடம் மேப்பில் இல்லையே என்று திருப்பிக் கேட்கிறார்கள். இல்லாத இடத்தில் ஒருத்தர் எப்படி ஆயுசு முழுக்க வேலை செய்தார் என்று விளக்கி விளக்கி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. குளிர்காலத்தில் அவருக்கு மூட்டு பிடித்துக்கொள்கிறது. பேச ஆள் இல்லை. அந்தப் பிடி மண்ணை விட்டிருந்தால் அவர் அன்றைக்கே முறையாக அதை நட்டுவிட்டு, ஊர்போய்ச் சேர்ந்திருப்பார். விடாததால் எனக்கு அப்பா கிடைத்தார். இதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது, யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இப்போதெல்லாம் அதை நினைத்தால்தான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

நேற்று சனிக்கிழமை. கடைக்குப் போய்விட்டு நானும் மதியும் வந்தோம். அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். நான் டிக்கியைத் திறந்ததும், மதி அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் போவாள் என்று பார்த்தால், நேரே போய்த் தாத்தாவின் காலடியில் இறக்கிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்கு இதைச் சொன்னதே இல்லை.

அப்பா அவளைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். குனிந்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எடு!"

எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. மதி மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் டிக்கிக் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

"நீ என்ன பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கற?" என்று அப்பா என்மேல் பாய்ந்தார். "வண்டி காலியாகோணுமல்ல!"